சிஆர்-விக்கு ட்ரெய்லர் ஹிட்ச் போட்டு மூணு வருஷம் ஆச்சு, இப்ப சொல்றேன்

எங்க வீட்ல ஓடுறது 2018 ஹோண்டா சிஆர்-வி, ஒன்றரை லிட்டர் டர்போ. இருக்கறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கத்துல ஒரு ஊர். ஹிட்ச்னா கார் பின்னாடி அடில மாட்டற இரும்பு சட்டம், அதுல ட்ரெய்லரோ சைக்கிள் ரேக்கோ மாட்டலாம். அதை போடணும்னு எண்ணம் வந்ததே சைக்கிளால தான். 2022 சம்மருக்கு பசங்க கிட்ட மேக்கினா தீவுக்கு கூட்டிட்டு போறேன்னு வாய் குடுத்துட்டேன். அந்த தீவுல 1898ல இருந்து மோட்டார் வண்டிக்கு தடை, ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டி தவிர பெரும்பாலும் எதுவும் ஓடாது, குதிரை வண்டி இல்லன்னா சைக்கிள், தீவை சுத்தி 8.2 மைலுக்கு ஒரு ரோடு, சைக்கிள் மிதிக்கறவனுக்கு சொர்க்கம். அங்க வாடகைக்கு நாலு சைக்கிள் எடுத்தா எவ்வளவு ஆகும்னு கணக்கு போட்டு பாத்துட்டு வீட்டம்மா கேட்டா, "ஏங்க, நாலு சைக்கிள் கராஜ்ல தூங்குது, அதை எடுத்துட்டு போக வழி இல்லையா?" அவ்வளவு தான், அந்த கேள்வில ஆரம்பிச்சது.

முதல்ல டிக்கி கதவுல பெல்ட் போட்டு கட்டற ரேக் ஒண்ணு வாங்கினேன். எந்த கம்பெனின்னு சொல்ல வேணாம். ரெண்டு தடவை மாட்டினதுலயே பெயிண்ட் உரசி கோடு விழுந்துச்சு, ஹைவேல போறப்ப கண்ணாடில பின்னாடி பாத்தா சைக்கிள் பரதநாட்டியம் ஆடுது. மூணாவது தடவை மாட்ட மனசு வரல, திருப்பி குடுத்துட்டேன்.

அப்புறம் தான் ஹிட்ச் பக்கம் வந்தேன். கார் வாங்கின டீலர்ட்டயே கேட்டேன். பார்ட்டு, வயரிங், கூலின்னு எல்லாம் சேத்து 900 டாலர் கிட்ட சொன்னாங்க, அதுவும் ஒண்ணேகால் இஞ்ச் ரிசீவர், அதாவது ரேக்கை சொருகற சதுர ஓட்டை. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு ஊர்ல சொல்வாங்களே, அதே தான், கூலி பார்ட்டை விட ஜாஸ்தி. வெளிய போட்டுக்கறேன்னு சொன்னா கவுண்டர்ல இருந்தவரு "அப்ப வாரண்டி போயிடும்"னு ஒரு பயம் காட்டினாரு. இதுக்கு மட்டும் பயப்படாதீங்க. அமெரிக்கால மேக்னசன்-மாஸ்னு ஒரு வாரண்டி சட்டம் 1975ல இருந்து இருக்கு, வெளி கம்பெனி பார்ட்டு மாட்டினேங்கற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து பண்ண முடியாது. அந்த பார்ட்டால தான் இந்த ரிப்பேர் வந்துச்சுன்னு அவங்க காட்டணும். அதுக்காக 1,500 பவுண்டு தான் இழுக்கலாம்னு லிமிட் இருக்கற வண்டில 4,000 பவுண்டு படகை கட்டி இழுத்து கியர்பாக்ஸை பொசுக்கிட்டு போய் நின்னா அவங்க சொல்றது தான் நியாயம்.

சரி, எது வாங்கறது. இங்க தான் நெறைய பேர் குழம்பறாங்க, நானும் ரெண்டு வாரம் குழம்பினேன். ஹிட்ச்ல கிளாஸ்னு ஒண்ணு இருக்கு. கிளாஸ் 1 ஒண்ணேகால் இஞ்ச் ஓட்டை, 2,000 பவுண்டு வரைக்கும். கிளாஸ் 2 அதே ஓட்டை தான், 3,500 வரைக்கும். கிளாஸ் 3ன்னா ரெண்டு இஞ்ச் ஓட்டை, பெரிய வண்டில 8,000 வரைக்கும் போகும். இப்ப கூத்து என்னன்னா என் சிஆர்-விக்கு ஹோண்டாவே சொல்ற லிமிட் 1,500 பவுண்டு. அப்ப கிளாஸ் 1 போதுமே, எதுக்கு கிளாஸ் 3? ஏன்னா ஓட்டை. நல்ல சைக்கிள் ரேக், அதுலயும் நாலு சைக்கிள் ஏத்தற ரேக் எல்லாம் பெரும்பாலும் ரெண்டு இஞ்ச்க்கு தான் வருது, ஒண்ணேகால்ல ரெண்டு சைக்கிள் ரேக் தான் சகஜமா கிடைக்கும். நடுவுல அடாப்டர் போட்டு பெருசாக்கலாம், ஆனா பாரம் இன்னும் பின்னாடி தள்ளி போகும், ஆட்டமும் கூடும். அதனால இழுக்கறதுக்காக இல்ல, மாட்டறதுக்காக ரெண்டு இஞ்ச் வாங்குங்க. சின்ன எஸ்யூவி வச்சிருக்கற யார் கேட்டாலும் நான் சொல்றது இது தான்.

ஆனா ரெண்டு இஞ்ச் ஹிட்ச் போட்டுட்டா வண்டிக்கு பலம் வந்துரும்னு நெனச்சுக்காதீங்க. ஹிட்ச் மேல ஒட்டிருக்கற ஸ்டிக்கர்ல வண்டி லிமிட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல நம்பர் போட்டிருப்பான். அது அந்த இரும்போட பலம், உங்க வண்டியோடது இல்ல. ஹிட்ச், அதுல சொருகற பால் மவுண்ட், அது மேல ட்ரெய்லர் உக்கார்ற இரும்பு குண்டு (பால்னு சொல்வாங்க), ட்ரெய்லர், வண்டி, இந்த அஞ்சுல எது சின்ன நம்பரோ அது தான் உங்க நம்பர். என் கேஸ்ல எப்பவும் வண்டி தான் சின்னது. ஒரே மாதிரி தெரியற வண்டிலயே இது மாறும், 2019ல வந்த டொயோட்டா ரேவ்4ல சாதா எல்இ, எக்ஸ்எல்இ எல்லாம் 1,500 பவுண்டு, ஹைபிரிட் 1,750, அதே ரேவ்4 அட்வென்ச்சர் எடுத்தா 3,500, கூலிங் சமாசாரம் எல்லாம் பெருசா வச்சிருக்கான். மாஸ்டா சிஎக்ஸ்-5 2,000. புது சிஆர்-வி ஹைபிரிட் 2023ல வந்தது வெறும் 1,000 தான், பழசை விட குறைச்சல், நம்ப மாட்டீங்க ஆனா அப்படித்தான். அதனால பக்கத்து வீட்டுக்காரன் அதே பேர் வண்டில இழுக்கறான்னு நாமளும் இழுக்கறதுக்கு முன்னாடி உங்க வண்டி மேனுவலை ஒரு தடவை திறந்து பாத்துருங்க, க்ளவ் பாக்ஸ்ல பொத்தி வச்சது அப்படியே தான் இருக்கும்.

அடுத்தது டங் வெயிட், அதாவது ட்ரெய்லரோட மூக்கு உங்க ஹிட்ச் மேல அழுத்தற எடை. இங்கிலீஷ்ல வீடியோ பத்து பாத்தும் எனக்கு இது மண்டைல ஏறல, கடைசில எங்க தாத்தாவோட மாட்டு வண்டி ஞாபகம் வந்ததும் ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது. முன்பாரம், பின்பாரம்னு சொல்வாரே அது தான் விஷயம். பின்பாரம் ஆயிட்டா நுகத்தடி மேல தூக்கி மாட்டு கழுத்தை இறுக்கும், முன்பாரம் ஜாஸ்தியானா மாடு முட்டி போட்டுரும். கொஞ்சமா முன்பாரம் இருக்கற மாதிரி மூட்டையை அடுக்கணும்பாரு. இங்கயும் அதே, மொத்த எடைல 10ல இருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல உக்காரணும். பின்பாரம் ஆயிட்டா ட்ரெய்லர் பாம்பு மாதிரி வாலை ஆட்டும், வேகமா போறப்ப அப்படி ஆட ஆரம்பிச்சா காரையே சேத்து திருப்பி போட்டுரும். சாமான்ல ஒரு 60 சதவீதம் ட்ரெய்லரோட முன் பாதில வச்சா சரியா வரும்.

என் வண்டி 1,500ன்னா அதுல பத்துல ஒரு பங்கு 150 பவுண்டு. சைக்கிள் ரேக்குக்கும் இதே கணக்கு தான்னு பல பேருக்கு தெரியாது. நான் குளியலறை தராசை கராஜுக்கு தூக்கிட்டு வந்து ஒவ்வொண்ணா நிறுத்தேன், தொங்க விடற மாதிரி ரேக் 38, எங்க ரெண்டு பேர் சைக்கிளும் 30, 30, பெரியவன் சைக்கிள் 22, சின்னவ சைக்கிள் 20. மொத்தம் 140. தப்பிச்சேன். இதே பேட்டரி சைக்கிள் நாலு இருந்தா அப்பவே கதை முடிஞ்சிருக்கும், ஒண்ணு மட்டுமே 50 பவுண்டுக்கு மேல வரும்.

கடைசில வாங்கினது கர்ட் கம்பெனியோட கிளாஸ் 3 ஹிட்ச். விஸ்கான்சின்ல ஓ க்ளேர்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச கம்பெனி அது. டிரா-டைட், ரீஸ் எல்லாமும் பாத்தேன், எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஒரு குறுக்கு பைப், ரெண்டு பக்கமும் பிராக்கெட், நடுவுல சதுர ஓட்டை, இதுல ராக்கெட் சயின்ஸ் ஒண்ணும் இல்ல. நீங்க பாக்க வேண்டியது மூணே விஷயம், பம்பருக்கு கீழ எவ்வளவு தொங்குது, மாட்டறதுக்கு ஓட்டை போடணுமா வேணாமா, பம்பரை கழட்டணுமா. எனக்கு ஓட்டை போட வேண்டி வரல, பம்பரும் கழட்டல. 210 டாலர் சொச்சம் ஆச்சு, வீட்டு வாசல்ல ஒரு நீள பெட்டில வந்து கிடந்துச்சு, தூக்கினா 40 பவுண்டுக்கு மேல.

மாட்டின கதைக்கு வர்றேன். ட்ரெய்லர் வாடகைக்கு விடற யூ-ஹால் கம்பெனில குடுத்தா அவங்களே மாட்டி தருவாங்க, அது தெரியும். ஆனா வீடியோல ஒருத்தன் அரை மணி நேரத்துல மாட்டிட்டு கை தட்டினான், ஆழம் தெரியாம காலை விட்டேன். அந்த வீடியோல இருந்த வண்டி டெக்சாஸ் வண்டி போல, அடில பளபளன்னு இருந்துச்சு. என்னுது நாலு மிச்சிகன் குளிர்காலம் பாத்த வண்டி. ரோட்ல கொட்டற உப்பு அடில எல்லா நட்டுலயும் ஏறி உக்காந்திருக்கு.

ஹிட்ச் போல்ட் போற இடத்துல, வண்டியோட ஃப்ரேம்லயே நட்டு வெல்டு பண்ணி வச்சிருப்பாங்க. அதுல தான் போல்ட் ஏறணும். அது பூரா துரு. நேரா போல்ட்டை விட்டு சுத்தினா மரை போயிடும், போச்சுன்னா அதை சரி பண்றது பெரிய ரோதனை. என் கூட ஹெல்ப்புக்கு வந்த ஃப்ரெண்டு இம்பாக்ட் கன்னை எடுத்து "மச்சி ஒரே அழுத்து"ன்னான், நல்ல வேளை பக்கத்து வீட்டு தாத்தா அந்த நேரத்துல வந்தாரு. மனுஷன் முப்பது வருஷம் கார் பேக்டரில இருந்து ரிட்டயர் ஆனவரு, எங்களை பாத்து தலைல அடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள போயி மரையை சுத்தம் பண்ற டேப் ஒண்ணு, ஒரு குழாய் பிரஷ், ஒரு டின் துரு எடுக்கற ஸ்ப்ரே, போல்ட்டை அளவு பாத்து டைட் பண்ற டார்க் ரென்ச் எல்லாம் எடுத்துட்டு வந்தாரு. முந்தின நாள் ராத்திரியே ஸ்ப்ரே அடிச்சு ஊற விட்டிருக்கணுமாம். அதனால அன்னைக்கு வேலை நின்னுச்சு. ஸ்ப்ரே அடிச்சோம், காபி குடிச்சோம், கலைஞ்சோம்.

அவர் காபி குடிச்சிட்டே சொன்ன ஒரு விஷயம், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார் வச்சிருந்தா 2003 டிசம்பர்ல இருந்து பத்து வருஷத்துக்கு யூ-ஹால்ல ட்ரெய்லரே வாடகைக்கு தர மாட்டாங்களாம், ஹிட்ச் இருந்தாலும் சரி. நான் நம்பல, அப்புறம் தேடி பாத்தா உண்மை தான். அந்த கார் சம்பந்தமான கோர்ட் கேஸ் செலவு தாங்கலன்னு நிறுத்திட்டாங்க, 2013ல தான் 2011க்கு அப்புறம் வந்த மாடலுக்கு மட்டும் திரும்ப குடுக்க ஆரம்பிச்சாங்க.

மறுநாள் காலைல பிரஷை நட்டுக்குள்ள விட்டு தேய்ச்சா துரு கொட்டுது கொட்டுது கொட்டிட்டே இருக்கு, கண்ணுக்கு கண்ணாடி போடாம படுத்தீங்கன்னா முடிஞ்சுது. அப்புறம் டேப்பை கையாலயே அரை சுத்து முன்ன, கால் சுத்து பின்னன்னு விட்டு மரையை சுத்தம் பண்ணோம். இது தான் மொத்த வேலைல முக்கால் நேரம். போல்ட்டை முதல்ல விரலால சுத்தி முழுசா ஏறுதான்னு பாருங்க, விரல்ல ஏறலன்னா ரென்ச்சை தொடாதீங்க.

சைலன்சரை கொஞ்சம் இறக்கணும், இல்லன்னா ஹிட்ச் உள்ள போகாது. அதை தாங்கற ரப்பர் வளையங்கள் ரெண்டு மூணு இருக்கு, சோப்பு தண்ணி அடிச்சு ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா வந்துரும். ஆனா கழட்டறதுக்கு முன்னாடி கீழ ஒரு ஜாக்கியோ கயிறோ குடுத்து தாங்கிக்கோங்க, இல்லன்னா மொத்தமா தொங்கி முன்னாடி ஜாயிண்ட் வளைஞ்சிரும். வண்டியை தூக்கினா ஸ்டாண்டு வைக்காம அடில போகவே போகாதீங்க, வெறும் ஜாக்கியை நம்பி படுக்கற வேலை வேணாம். முன் சக்கரத்துக்கு கட்டையும் வைங்க.

ஹிட்ச்சை தூக்கி பிடிக்க ஒருத்தர், போல்ட்டை நுழைக்க ஒருத்தர். தனியா மார்ல தூக்கி வச்சு மாட்டலாம்னு நெனச்சா மறுநாள் எந்திரிக்க முடியாது. கடைசில டார்க் ரென்ச்ல பேப்பர்ல போட்டிருக்கற அளவுக்கு டைட் பண்ணணும், எனக்கு 80 அடி-பவுண்டுக்கு மேல போட்டிருந்துச்சு, கம்பெனி காரன் போட்டிருக்கறதை அப்படியே பண்ணுங்க, "நல்லா டைட்டா தான் இருக்கு"ங்கற கைக்கணக்கு எல்லாம் இதுல வேணாம். ஒரு நூறு மைல் ஓட்டிட்டு திரும்ப ஒரு தடவை செக் பண்ணேன், அசையல. இன்னைக்கு வரைக்கும் அசையல.

மெக்கானிக்கல் வேலை துரு தவிர்த்து பாத்தா ஒண்ணுமே இல்ல. என்னை அழ வச்சது வயரிங் தான். சைக்கிள் ரேக்குக்கு வயரிங் வேணாம், ட்ரெய்லர் இழுத்தா தான் அதோட லைட் எரிய வேணும். நான் பேராசைல ரெண்டையும் போட்டேன்.

சாதாரண சின்ன ட்ரெய்லருக்கு நாலு பின் இருக்கற தட்டை ப்ளக். வெள்ளை எர்த்து, பிரவுன் பின் லைட், மஞ்சள் இடது பக்க பிரேக்கும் இண்டிகேட்டரும், பச்சை வலது பக்க பிரேக்கும் இண்டிகேட்டரும். கவனிச்சீங்களா, ட்ரெய்லர்ல பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு. நெறைய கார்ல ரெண்டுக்கும் தனித்தனி பல்பு. அதனால நடுவுல ஒரு சின்ன கன்வர்ட்டர் பெட்டி வேணும், அது ரெண்டு சிக்னலையும் சேத்து ஒண்ணாக்கி அனுப்பும். அந்த பெட்டிக்கு பேட்டரில இருந்து தனியா ஒரு வயர், ஃப்யூஸோட, முன்னாடி இன்ஜின்ல இருந்து பின்னாடி வரைக்கும் வண்டி அடிலயே இழுத்துட்டு வரணும். சைலன்சர் பக்கம், ஆடற பார்ட்டு பக்கம் போகாம டை போட்டு கட்டிட்டே வரணும். நான் வாங்கின கிட்டு ஒரு மலிவு கிட்டு, பேர் வேணாம். மாட்டி முடிச்சு டெஸ்டர் வச்சா இடது இண்டிகேட்டர் போட்டா ரெண்டு பக்கமும் மங்கலா மினுக்குது. ரெண்டு மணி நேரம் எல்லா ஜாயிண்டையும் பிரிச்சு பிரிச்சு பாத்தேன். கடைசில பாத்தா எர்த்து. எர்த்து ஸ்க்ரூவை பெயிண்ட் மேல மாட்டிருக்கேன், பெயிண்ட்டை சுரண்டி இரும்பு தெரியற மாதிரி பண்ணி மாட்டினதும் ஜம்முனு எரிஞ்சுது. லைட் எது கோளாறு பண்ணாலும் முதல்ல அந்த வெள்ளை வயரை பாருங்க. அந்த கிட்டோட பெட்டி ரெண்டாவது குளிர்காலத்துல தண்ணி புகுந்து செத்துப் போச்சு, அது வேற கதை. காரோட கனெக்டர்ல அப்படியே சொருகற மாதிரி வர்ற கிட்டு கொஞ்சம் விலை ஜாஸ்தி, ஆனா வயரை வெட்டி ஒட்டற வேலை இல்ல, இப்ப அது தான் இருக்கு.

பால் சைஸ் பத்தி ஒரு வரி. மூணு சைஸ், 1-7/8, 2, 2-5/16 இஞ்ச். எங்க தாத்தா வாய்ப்பாட்டுல சொன்னா ஒண்ணே முக்காலே அரைக்கால், ரெண்டு, ரெண்டே காலே மாகாணி. சின்ன எஸ்யூவிக்கு ரெண்டு இஞ்ச் பால் போதும், ஆனா ட்ரெய்லர் மூக்குல பால் மேல மாட்டற கப்ளர்ல என்ன சைஸ் அடிச்சிருக்கோ அது தான் போடணும், சின்ன பாலை பெரிய கப்ளர்ல மாட்டினா மாட்டின மாதிரியே தெரியும், மேடு பள்ளத்துல ஏறினா கழண்டுக்கும். ட்ரெய்லர்ல இருக்கற சங்கிலி ரெண்டையும் கீழ குறுக்கா மாட்டுங்க, கழண்டா மூக்கு அதுல விழுந்து நிக்கும்.

மூணு வருஷத்துல ட்ரெய்லர் இழுத்தது ஆறேழு தடவை இருக்கும். யூ-ஹாலோட சின்ன மூடின ட்ரெய்லர், 4க்கு 8 அடி, காலியாவே 850 பவுண்டு. என் லிமிட்ல மீதி 650 தான். பாத்தா பெருசா தெரியும், ஒரு சோபா, ரெண்டு கட்டில், பத்து பெட்டி போட்டா தீந்துச்சு. ஃப்ரெண்டு வீடு மாத்தறப்ப ரெண்டு ட்ரிப் அடிச்சோம், அவன் ஒரே ட்ரிப்ல அடைச்சுரலாம்னான், முடியாதுன்னுட்டேன். மணிக்கு 55 மைலுக்கு மேல போகாதன்னு ட்ரெய்லர்லயே எழுதிருக்கும், போகாதீங்க. இந்த ஒன்றரை லிட்டர் இன்ஜின் ப்ளாட் ரோட்ல அலட்டாம இழுக்குது, மேட்டுல மட்டும் சவுண்டு ஏறும். மிச்சிகன்ல மேடே இல்லங்கறது என் அதிர்ஷ்டம், மலை ஊர்ல இருக்கறவங்க இந்த சைஸ் வண்டில 1,500 முழுசா ஏத்தணுமான்னு யோசிச்சுக்கோங்க. ஆனா தோட்டத்துக்கு மரத்தூள் பை, ஒரு பை 40 பவுண்டு வரும், அதை கார் சீட்ல ஏத்தி ரெண்டு வாரம் மோப்பம் பிடிச்சிட்டு இருந்த காலம் போச்சு, அதுக்காகவே இந்த 210 டாலர் தகும்.

ஆடற சத்தம் ஒண்ணு வரும், ரிசீவருக்கும் ரேக்குக்கும் நடுவுல இருக்கற சின்ன இடைவெளி. அதை இறுக்கற கிளாம்ப் தனியா வாங்கி மாட்டுங்க, சைக்கிள் பரதநாட்டியம் நின்னு போகும். வேலை இல்லாதப்ப பால் மவுண்டை கழட்டி உள்ள வைங்க. பால் நம்பர் பிளேட்டை மறைக்குதுன்னு போலீஸ் நிறுத்தின ஒரு கேஸ் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு, 2016ல தீர்ப்பு, பிளேட் சுத்தமா படிக்கற மாதிரி இருந்தா போதும், முன்னாடி பால் நிக்கறது குத்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க. உங்க மாநிலத்துல எப்படின்னு பாத்துக்கோங்க.

நான் கழட்டி வைக்கறதுக்கு காரணம் சட்டம் இல்ல. முதல் வருஷம் மேக்கினா போயிட்டு வந்தோம், நாலு சைக்கிளும் ஒரு கீறல் இல்லாம போயி வந்துச்சு, பசங்க தீவை ரெண்டு சுத்து சுத்தினாங்க, எல்லாம் ஜோரா முடிஞ்சு வீட்டுக்கு வந்து இறக்கி வச்சிட்டு, மறுநாள் குப்பைத்தொட்டி எடுத்து வைக்கறதுக்காக ராத்திரி இருட்டுல கார் பின்னாடி சுத்தி வந்தேன், முழங்காலுக்கு கீழ எலும்புல "டங்"குன்னு. உள்ள இருந்து வீட்டம்மா கேக்கறா, "என்னங்க, ஹிட்ச் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கா?"